நாயனத்துக்கு மாத்து

கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் சமையல்காரருக்கு இடம் விடுவார்கள், செருப்புக்கும் இடம் விடுவார்கள். நேரலை ஓட்டுகிறவன் எங்கே உட்காருவான் என்று மட்டும் ஒருத்தரும் யோசிப்பதில்லை. ஓமலூர் தீர்த்தகிரிக்கு இதெல்லாம் பதினான்கு வருடப் பழக்கம். படிக்கட்டுக்குக் கீழே, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஒரு தடவை காய்கறி மூட்டைகளுக்கு நடுவில்கூட உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான்.

அன்று விடிகாலையில் ராசிபுரம் சாலை மண்டபத்தில் அவனுக்குக் கிடைத்தது, மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைக்கும் சின்ன அறை. ஜன்னல் இல்லை. இரும்புக் கதவு ஒன்று, குழல்விளக்கு ஒன்று. மேஜையைப் போட்டு, ஸ்விட்சரை வைத்து, மண்டபத்திலிருந்து வந்த நான்கு கேமராக்களின் வயரையும் அதில் செருகினான். இனி எந்தக் கேமராவின் படம் மண்டபத்துப் பெரிய திரையிலும் வெளிநாட்டுச் சொந்தக்காரர்களின் போனிலும் ஓடும் என்பதை அவன் விரல்தான் முடிவு செய்யும். ஓடுகிற கேமராவின் பட்டனில் சிவப்பு எரியும். அடுத்து வரக் காத்திருப்பதில் பச்சை எரியும். மொத்தத் தொழிலும் அவ்வளவுதான்.

"போன தடவையும் உங்களுக்கு இதே ரூமுதானுங்களே?" என்றார் மண்டபத்து மேனேஜர் அர்த்தநாரி.

"எந்தத் தடவைங்க?"

"ரெண்டு வருசம் இருக்குமுங்க. இன்னைக்கு மாப்பிள்ளை இளஞ்செழியனோட தங்கச்சி கண்ணாலம். மதுமதின்னு." அர்த்தநாரி குரலைத் தாழ்த்தினார். "ஏழே மாசத்துல புருசன் ஊட்டுக் கெணத்துல உழுந்து போயிருச்சுங்க அந்தப் புள்ள. தவறி உழுந்ததுன்னு சொல்றாங்க. ஆரு கண்டா."

தீர்த்தகிரி குனிந்து வயர்களுக்கு டேப் ஒட்டினான். ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். மறந்திருந்தால்தானே ஞாபகம் வருவதற்கு.

"கதவை வெளிய கொண்டி போட்டுருங்க" என்றான். "கொழந்தைங்க ஓடியாந்து வயரை மிதிச்சிருதுங்க. வேணும்னா போன் பண்றேன்."

எந்த மண்டபத்துக்குப் போனாலும் அவன் கேட்கிற முதல் உதவி அதுதான். அர்த்தநாரி வெளியே போய்க் கொண்டியைப் போட்டார். இரும்பு இரும்பில் உரசும் சத்தம் கேட்டது.

தொழிலில் எழுதாத விதி ஒன்று உண்டு. மேடையில் சண்டை வந்தாலும், யாராவது மயங்கி விழுந்தாலும், பொண்ணு தேம்பி அழுதாலும், உடனே நாயனத்துக்கு மாத்து. ஊதுகிறவர் கன்னம் உப்பி ஊதிக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு மங்களகரமாக இருக்கும். அதற்கென்றே மூன்றாம் கேமராவை நாயனக்காரர் முன்னால் நிறுத்தி வைப்பார்கள்.

மதுமதி தன் கல்யாணத்தன்று அழவில்லை. தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தலையை நிமிர்த்தி, நேராக ஒன்றாம் கேமராவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மண்டபத்தில் யாருக்கும் புரிவதற்கு முன்பே, அவள் முகம் நிறைந்திருந்த மானிட்டரில் தீர்த்தகிரிக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்றாள். மூன்று தடவை சொன்னாள். கடைசியில், ஆராச்சும் வாங்க, என்றாள்.

அவன் மூன்றை அழுத்தினான். ஆயிரம் பேர் நாயனக்காரரைப் பார்த்தார்கள். திரும்ப ஒன்றுக்கு வந்தபோது தாலி ஏறியிருந்தது. ஸ்டுடியோ முதலாளி சந்திரசேகர் தோளில் தட்டி, "நல்ல சமாளிப்பு" என்றார். அந்தப் பாராட்டு இரண்டு வருடமாக அவன் தொண்டையில் நிற்கிறது.

இளஞ்செழியன் கல்யாணத்தில் எட்டு மணிக்கு இணைச்சீர் ஆரம்பித்தது. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் கூடப் பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை தங்கச்சி கையில். தங்கச்சி இல்லாததால் பெரியப்பா மகள் ஒருத்தி நின்றாள்.

"ஒண்ணுலயே நில்லு, தீர்த்தகிரி" என்றது ஹெட்செட்டில் சந்திரசேகரின் குரல். ஒன்றாம் கேமராவில் நின்றவர் அவர்தான்.

மானிட்டரில் எட்டுக் கட்டங்கள். நான்கில் படம், நான்கு கறுப்பு. பெரியப்பா மகள் சேலை முனையைப் பிடித்த அதே நேரம் ஐந்தாம் கட்டம் வெளுத்தது.

ஐந்தில் வயரே இல்லை.

ஸ்விட்சரைத் திருப்பிப் பார்த்தான். ஐந்தாவது துளை காலியாகத்தான் இருந்தது. கட்டத்திலோ கல் தெரிந்தது. ஈரக் கல், மேலே பச்சைப் பாசி. கிணற்றுக்குள் இறங்கி நின்று சுவரைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அறையில் பாசி வாடையும் அடித்தது. அதில் மஞ்சள் வாடையும் கலந்திருந்தது.

படம் மெல்லத் திரும்பியது. ஒரு மேஜை. ஹெட்செட் மாட்டிய ஓர் ஆளின் முதுகு.

அவனுடைய முதுகு.

படம் எடுக்கப்படுகிற மூலையைத் திரும்பிப் பார்த்தான். நாற்காலி அடுக்கைத் தவிர ஒன்றும் இல்லை. மானிட்டருக்குத் திரும்பினான். இப்போது அவனுக்கும் கதவுக்கும் நடுவில் ஒருத்தி நின்றாள். கூறைச்சேலை கட்டியிருந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்டுச் சத்தம் அறைக்குள் கேட்டது.

ஐந்தாம் பட்டனில் பச்சை எரிந்தது. அவன் தொடவில்லை.

பிறகு சிவப்பு.

மூன்றை அழுத்தினான். பதிலில்லை. ஒன்று, இரண்டு, நான்கு. எதுவும் அசையவில்லை. "அண்ணா, ஸ்விட்சர் நின்னு போச்சு" என்றான் ஹெட்செட்டில். மறுபக்கம் சந்திரசேகர் இல்லை. நாயனம் மட்டும் கேட்டது, ஆழத்திலிருந்து. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

பாதம் குளிர்ந்தது.

தரையில் தண்ணீர். கறுத்த தண்ணீர், கணுக்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேஜைக் காலில் கட்டிய மின்சாரப் பெட்டி, அதில் ஏழு பிளக்குகள். தண்ணீர் அதன் விளிம்பைத் தொட இரண்டு விரல்கடைதான் பாக்கி. தொட்டால் என்ன ஆகும் என்று மின்சாரத்தோடு பிழைக்கிறவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்கு நாலு எட்டு. நடுவில் அவள் நிற்கும் இடம். கொண்டியோ வெளியில்.

முழங்கால் நனைவதற்குள் நாற்காலி மேல் ஏறினான். கத்தினான். மேளம் அதை விழுங்கியது. தீர்த்தகிரிக்குத் தன் மகள் ஞாபகம் வந்தது. உயிரோடு ஊடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஐந்து சிவப்பில் இருக்கிறது. அப்படியானால் அவனை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். மூலையைப் பார்த்து நிமிர்ந்தான். கை கூப்பினான். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"ஆராச்சும் வாங்க."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவனுக்கு உறைத்தது.

"தப்புத்தான் சாமி" என்றான் அழுதுகொண்டே. "தெரிஞ்சேதான் மாத்துனேன்."

மேஜைப் பக்கம் திரும்பி ஸ்விட்சர் மேல் குனிந்தான். கழுத்துக்குப் பக்கத்தில் குளிர்ந்த மூச்சு. அவன் தோளைத் தாண்டி ஒரு கை நீண்டது. மஞ்சள் பூசிய, தண்ணீரில் ஊறி வெளுத்த கை. அவசரப்படாமல் ஒரு பட்டனைத் தேடியது.

மூன்றை அழுத்தியது.

விளக்கு அணைந்தது. இருட்டில், நாற்காலி மேல் நின்றபடியே, எவ்வளவு நேரம் நாயனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

கொண்டி திறந்தது. சந்திரசேகரும் பின்னால் அர்த்தநாரியும் உள்ளே வந்தார்கள். வெளிச்சம் வந்தது. தரை காய்ந்திருந்தது. டேப்கூட உரியவில்லை.

"ஏப்பா, பொழப்பக் கெடுத்துட்டியே" என்றார் சந்திரசேகர். கோபத்தைவிடக் களைப்புதான் குரலில் இருந்தது. "இணைச்சீர் நடக்கையில உன்ற மூஞ்சியத் திரையில போட்டுட்டு, சேர் மேல ஏறிக் கும்பிட்டுட்டு நிக்கற. அத்தனை சனமும் பாத்துச் சிரிக்குது."

"பாத்தீங்களா?" தீர்த்தகிரி நாற்காலியிலிருந்து இறங்கினான். "பாத்துட்டு ஏனுங்கண்ணா வல்ல?"

"வரத்தான் கெளம்புனேன். அதுக்குள்ள நாயனத்துக்கு மாத்திட்ட. செரியாப் போச்சாட்டம் இருக்குதுன்னு நின்னுட்டேன். அதுலயே ஒரு மணி நேரம் உட்டுட்டயே. கூப்பட்டாலும் பதில் இல்ல, கேமராவ உட்டுட்டு எப்படி வாறது? தாலி கட்டுனது திரையில வரவே இல்ல."

"நான் மாத்துலீங்க."

"அப்பறம் ஆரு மாத்துனது? உள்ள நீ ஒருத்தன்தான இருந்த?"

"கதவும் கொண்டி போட்டபடிதானுங்க இருந்துச்சு" என்றார் அர்த்தநாரி. பிறகு அவன் கால்களைப் பார்த்தார். தீர்த்தகிரியின் பேன்ட் கணுக்காலுக்கு மேல் வரை நனைந்து, பாசி ஒட்டியிருந்தது.

தீர்த்தகிரி குனிந்து ஏழு பிளக்குகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். மானிட்டர் செத்தது. கேமரா வயர்களைக் கழற்றினான். ஸ்விட்சரின் மின்வயரையும் உருவிக் கையில் சுற்றிக்கொண்டு, அதைப் பெட்டியில் வைத்து மூடப் போனான்.

மூன்றாம் பட்டனில் மஞ்சள் ஒட்டியிருந்தது. இன்னும் ஈரம்.

இரண்டு பட்டன் தள்ளி, ஐந்தில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.