ரம்பம் ஓடிய மத்தியானம்

“என் வீட்டுக்காரரும் என் கொழுந்தனும் சேர்ந்து எனக்கு மறதின்னு பட்டம் கட்டிட்டாங்க. அஞ்சு மணிக்கு என் மெஷினைத் தூக்கப் பழைய இரும்புக் கடை லாரி வருது. அதுக்குள்ள நீங்க வந்து பாக்கணும்.”

வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கடைத்தெருவில் மருந்துக்கடை நடத்துகிறவர். மாத்திரை எண்ணிக் கொடுக்கிற மாதிரி, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

எரிந்த குடோன்களையும் நொறுங்கிய கார்களையும் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பிரித்துச் சொல்லி ஓய்வு பெற்றவர் நிதானக்கா. அது தெரு வைத்த பெயர். அவருடைய தம்பி, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், அந்த நிதானத்தில் ஒரு சொட்டுக்கூடப் பங்கு கேட்காமல் பிறந்தவர். அதற்குள் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டார்.

“தம்பி, காலை எடு. நீங்க உக்காருங்கம்மா. என்ன மெஷின்?”

“பட்டை ரம்பம். மூடிப்போன மர மில்லுல வாங்கினேன், என்னைவிட வயசு ஜாஸ்தி. மேல ஒரு சக்கரம், கீழ ஒரு சக்கரம், ரெண்டையும் சுத்தி மாலை மாதிரி பல்லு வெச்ச பிளேடு. கார் ஷெட்ல நிறுத்தி, துருவைச் சுரண்டி, மோட்டார் மாட்டி, நானேதான் ஓட்டறேன். நேத்து காலையில ஸ்டூலுக்குக் கால் அறுத்தேன். ஆஃப் பண்ணேன், பிளேடைத் தளர்த்தினேன், இரும்பு மேசைக்கு எண்ணெய் தடவினேன், கடைக்குப் போனேன். மத்தியானம் கொழுந்தன் போன். மெஷினை ஓடவிட்டுட்டே போயிட்டேனாம். பிளேடு அறுந்து பறந்து பக்கத்து வீட்டு ஜன்னலை உடைச்சிடுச்சாம்.”

“பிளேடை எதுக்குத் தளர்த்தணும்?” என்றார் டிரில் மாஸ்டர்.

“ராப்பகலா விறைச்சே நின்னா பிளேடும் பாழ், சக்கரத்து ரப்பரும் பாழ். உங்க பசங்களை நாள் பூரா அட்டென்ஷன்லயே நிக்க வைப்பீங்களா?”

டிரில் மாஸ்டர் பார்வையைக் கூரைக்குத் திருப்பினார். நிற்க வைத்திருக்கிறார்.

“நிஜமாவே மறந்திருந்தா?” என்று நிதானக்கா மெதுவாகக் கேட்டார்.

“மறந்திருந்தா நானே லாரியில ஏத்தி விடுவேன். நான் மறக்கலை. இன்னிக்கு இதுக்குத் தலையாட்டினா நாளைக்குக் கடைச் சாவியைக் கேப்பாங்க. மறதிக்காரி குடுக்கிற மாத்திரையை எவன் நம்பி முழுங்குவான்?”

நிதானக்கா குடையை எடுத்தார்.

ஷெட் வாசலில் கொழுந்தன் காத்திருந்தார். டைல்ஸ் வியாபாரி. சட்டை அவர் கடைச் சரக்கைவிட வெள்ளை. டிரில் மாஸ்டரின் கையைப் பிடித்து உற்சாகமாகக் குலுக்கினார். கை விடுபட்டதும் டிரில் மாஸ்டர் அதைத் தன் பேண்ட்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். நனைந்த ஸ்பாஞ்சைப் பிடித்தது போல் இருந்தது.

“நேத்து சத்தம் கேட்டு நான்தான் ஓடி வந்தேன் மேடம். கதவுகிட்ட நின்னு சுவிட்சை மட்டும் அணைச்சேன். ஒரு துரும்பைத் தொடலை. அண்ணியைக்கூட உள்ள விடாம பூட்டி, சாவியை என் பாக்கெட்லயே வெச்சிருக்கேன். தடயம் கலையக் கூடாது பாருங்க!”

“ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க,” என்றார் நிதானக்கா.

கணவர் ஒரு மூலையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் உடைந்த பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சரும் வந்து சேர்ந்தார்.

மெஷின் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அறுந்த பிளேடு பாம்புச் சட்டை போலத் தரையில் கிடந்தது. மேல் சக்கரம் ஒரு தண்டவாளத்தில் ஏறி இறங்குகிற அமைப்பு. அந்தத் தண்டவாளத்தின் அடிக்கோடியில் சக்கரம் உட்கார்ந்திருந்தது. மேசை எண்ணெயில் பளபளத்தது. பிளேடு இறங்கும் துளைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு திட்டு காய்ந்து கிடந்தது. அதன் நடுவே பழுப்பாகத் துரு. விரல்களை விரித்து ஊன்றிய உள்ளங்கை அளவு.

டிரில் மாஸ்டர் துள்ளினார். “அக்கா, துரு! எண்ணெய் தடவினேன்னு சொன்னாங்களே, இங்க விட்டுப்போச்சு. மறதி... கொஞ்சம் இருக்கும் போலயே?”

மருந்துக்கடைக்காரர் பார்த்த பார்வையில் அவர் பாட்டு டீச்சருக்குப் பின்னால் போய் நின்றார்.

“டீச்சர், இந்த மெஷின் ஓடினா உங்களுக்குக் கேக்குமா?”

“கேக்குமாவா! அது ஓடினா என் பிள்ளைங்க எல்லாம் அது சுருதியிலதான் பாடுது. சண்டை போட்டுப் போட்டு எனக்கே தொண்டை கட்டிப்போச்சு.”

“நேத்து மத்தியானம்?”

டீச்சர் யோசித்தார். “கிளாஸ் நடந்துச்சு. கண்ணாடி உடைஞ்சுது, ஏதோ உள்ள விழுந்துச்சு. மெஷின் சத்தம்... இல்லையே. முதல்ல பந்துதான்னு நினைச்சுத் தெருப் பசங்களைத் திட்டினேன், அப்புறம்தான் இரும்புத் துண்டைப் பாத்தேன்.”

“பாடற சத்தத்துல கேட்டிருக்காது,” என்றார் கொழுந்தன்.

நிதானக்கா மேல் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்துத் திருகினார். சக்கரம் தண்டவாளத்தில் ஒரு சாண் ஏறியது.

“தம்பி, பிளேடு விறைக்கணும்னா இந்தச் சக்கரம் மேல ஏறணும். ஏத்தாம ஓட்டினா?”

“வழுக்கிக் கழண்டு விழும். மரம் அறுக்காது,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“ஆக, ஓடறப்ப அறுந்திருந்தா சக்கரம் மேலதான் இருக்கணும். பிடிச்சு இழுக்கிற பிளேடு போயிட்டா, அடியில இருக்கிற ஸ்பிரிங் சக்கரத்தை இன்னும் மேலதான் தள்ளும். நாம வந்தப்ப எங்க இருந்துச்சு?”

“அடியில!” டிரில் மாஸ்டரின் குரல் மைதானத்துக் குரலானது. “தளர்த்தி வெச்ச பிளேடு அக்கா! நின்ன மெஷின்ல எவனோ கத்தரிச்சு, ஒரு துண்டை டீச்சர் ஜன்னல்ல வீசியிருக்கான்!”

“அண்ணியே அப்புறமா வந்து...” என்று கொழுந்தன் ஆரம்பித்தார்.

“சாவி உங்க பாக்கெட்ல.”

நிதானக்கா மேசைப் பக்கம் திரும்பினார்.

“இதை ஓட்டத் தெரியாதவங்களுக்குப் பிளேடு எப்பவும் விறைப்பாவே இருக்கும்னு எண்ணம். ஓடறப்ப மட்டும்தானே பாக்கறாங்க. தம்பி, இப்ப நீ மறதின்னு சொன்ன துருவுக்கு வா. மேசை முழுக்க எண்ணெய், அந்தத் திட்டுல மட்டும் துடைச்சிருக்கு. மெஷின்காரி எண்ணெய்க்குப் பயப்பட மாட்டா. வெள்ளைச் சட்டை பயப்படும். சட்டையில கறை படக் கூடாதுன்னு துடைச்சிட்டு, கையை ஊன்றிச் சாஞ்சு கத்தரிச்சிருக்கார். வேர்த்த கை வெறும் இரும்புல பட்டா மறுநாளே துரு அச்சு விழும். என் தம்பிகிட்டக் கேளுங்க, இங்க யார் கை வேர்க்குதுன்னு.”

டிரில் மாஸ்டர் தன்னையறியாமல் மறுபடி பேண்ட்டில் கையைத் துடைத்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

கொழுந்தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “எனக்கு ஷெட்டு வேணும்தான், சரக்கு வெக்க. ஆனா... அண்ணே, நீங்களும் சரின்னுதானே சொன்னீங்க? பேசுங்கண்ணே!”

வாளி கிறீச்சிட்டது. கணவர் எழுந்தார். “ஆமா. நானும்தான். அது ஓடறப்ப எல்லாம் எனக்கு உசிரு கையில இல்ல. எத்தனை தடவை சொன்னேன்? பழைய இரும்பு, ஒரு நாள் விரலை வாங்கிடும்னு. நீ கேக்கலை. உன் நல்லதுக்குத்தான்...”

“விரலுக்குப் பயந்து மூளையை வெட்டினீங்களா?” என்றார் மருந்துக்கடைக்காரர். குரல் உயரவே இல்லை. “நேத்து ராத்திரி பூரா நிஜமாவே மறந்துட்டேனோன்னு என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன். பக்கத்துலதானே படுத்திருந்தீங்க? ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

கணவர் மறுபடி வாளியின் மேல் உட்கார்ந்தார்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. மருந்துக்கடைக்காரர் வாசலுக்குப் போனார். “அண்ணே, இங்க பழசு எதுவும் இல்ல, திருப்புங்க!” என்ற குரல் தெருக்கோடி வரை கேட்டது. திரும்பி வந்து அலமாரியிலிருந்து புதுப் பிளேடை எடுத்தார். இரண்டு சக்கரங்களிலும் மாட்டினார், கைப்பிடியைத் திருகினார், விரலால் சுண்டினார். கம்பி போல் இசைத்தது.

“டீச்சர், சாயங்காலக் கிளாஸ் எத்தனை மணிக்கு?”

“ஆறுக்கு. அதுவரைக்கும் ஓட்டிக்கோங்க,” என்றார் பாட்டு டீச்சர். “அப்புறம் நிறுத்தலேன்னா சண்டைதான்.”

கொழுந்தன் நழுவப் பார்த்தார். டிரில் மாஸ்டர் கதவில் மார்பை நிமிர்த்தி நின்றார். “சாவி.” வியர்வை ஈரத்தோடு சாவி கைமாறியது.

மருந்துக்கடைக்காரர் இரண்டு கைகளையும் கணவரின் முகத்துக்கு நேரே விரித்தார்.

“பத்து இருக்கு. சந்தேகம் இருந்தா தினமும் வேலை முடிஞ்சதும் வந்து எண்ணிக்குங்க. ஆனா கதவைத் தட்டிட்டு வரணும்.”

சுவிட்சைப் போட்டார்.