எட்டு வடிவ மைக்கின் பின்பக்கம்

எங்கள் வகுப்பில் அறுபத்தோரு பேர். ஜோடி சேரச் சொன்னால் ஒருவன் மிஞ்சுவான் என்பது கணக்கு. மூன்று வருடமாக அந்த ஒருவன் நானாகவே இருப்பதுதான் திறமை.

கடைசி ஒலிப்பதிவுத் தேர்விலும் மிஞ்சினேன். ஒரே மைக், எதிரெதிரே இரண்டு பேர், பத்து நிமிட உரையாடல். "ஆள் கெடைக்கலீன்னா சைபர்தான் மிதுன்," என்றார் சண்முகப்பிரியா மேடம்.

இரண்டு பேராகவும் நானே பேசிவிட முடிவு செய்தேன். முதலில் கேள்விகளைக் கேட்டு இடைவெளி விடுவது. பிறகு எதிர் நாற்காலிக்கு மாறிப் பதில் சொல்லி, இரண்டையும் ஒட்டிவிடுவது.

கருமத்தம்பட்டியில் பாலுசாமி அண்ணனின் தறிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாவியோடு வந்தார்.

"இன்னைக்குத் தறி ஓடாதுங்க. எறும்பு நடந்தாக்கூடக் கேக்கும். ஆமா, இன்னொருத்தரு எங்கீங்க?"

"வந்துட்டிருக்காருங்க."

"ஆறு வருசமா இங்க யாரும் குடியில்லீங்க. பேச ஆளில்லாம ரூமுக்கே வெசனம் புடிச்சுக் கெடக்குது. நல்லாப் பேசுங்க கண்ணு," என்று சிரித்துக்கொண்டே போனார்.

உள்ளே பஞ்சுத் தூசியும் பழைய கஞ்சிப்பசையும் மணந்தன. நடுவில் மைக்கை நிறுத்தினேன். எட்டு வடிவ மைக் முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி கேட்கும். இரண்டு பக்கவாட்டிலும் முழுச் செவிடு. முன்பக்கம் நான் உட்கார்ந்தேன். பின்பக்கம் காலி நாற்காலி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடங்கினேன்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

இடைவெளி விட்டேன்.

"இந்த ஊருதானுங்க," என்றது ஒரு பெண் குரல்.

ஹெட்போனைக் கழற்றினேன். அறை அமைதியாக இருந்தது. மறுபடி மாட்டினேன்.

"ஏனுங்க, நிறுத்திப்போட்டீங்க? கேளுங்க."

ஓடியிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் யாரும் அப்படி மேற்கொண்டு கேட்கச் சொன்னதில்லை. கேட்டேன். அவளும் சொன்னாள். தறிச் சத்தத்தில் தன் பேச்சு யார் காதிலும் விழுந்ததில்லை என்றாள். பத்து நிமிடம் எப்போது தாண்டியது என்று தெரியவில்லை.

"அப்ப நான் கெளம்பட்டுங்களா?" என்றேன்.

ஹெட்போனில் அவள் மூச்சு மெலிந்தது. தேய்ந்தது. நின்றது.

போய்விட்டாள் என்று நிம்மதியானேன்.

பிறகுதான் உறைத்தது. இந்த மைக்குக்குப் பக்கவாட்டில் காது கிடையாது.

அவள் எழுந்து சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

ஹெட்போனில் என் மூச்சு மட்டும் கேட்டது.

மூச்சை அடக்கினேன்.

அது நிற்கவில்லை.

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன்.

திங்கட்கிழமை நான் போவதற்குள் பாலுசாமி அண்ணனே மைக்கையும் பதிவுக் கருவியையும் கல்லூரியில் கொடுத்திருந்தார். மேடம் கேட்டும் முடித்திருந்தார்.

"யாரு மிதுன் அந்தப் பொண்ணு? பத்து நிமிசம் கேட்டா ரெண்டு மணி நேரம் பேசி வெச்சிருக்கீங்க. ஃபுல் மார்க் போட்டுட்டேன்."

ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். நாற்காலி சரிந்தது, கதவு அடித்தது, என் காலடி ஓடி மறைந்தது. அப்புறம் வெகுநேரம் எதுவுமில்லை. அதற்குள் நான் உக்கடத்தில் இறங்கி வீட்டுக்கே போயிருப்பேன்.

"போயிட்டீங்களா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

அவளுக்கு என் குரல் பதில் சொன்னது.

"நான் எங்கீங்க போனேன்? இங்கதான இருக்கேன்."