இருட்டறையில் புறாத்தாலி

அருகே வாருங்கள், என் செல்வங்களே. கைபேசியைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள்; தேநீர் ஆறினால் ஆறட்டும், வேறு ஊற்றலாம். இன்று நான் சொல்லப்போவது ஒரு தாலி களவுபோன கதை. களவெடுத்தவர் செத்துப்போன மனிதர் என்று ஒரு வீடே நம்பிய கதை. எந்தத் தடயத்தையும் உங்களுக்கு ஒளிக்க மாட்டேன். கெட்டிக்காரர்கள் நகுலேஸ்வரிக்கு முன்பே ஆளைப் பிடித்துவிடுங்கள் பார்ப்போம்.

சனிக்கிழமை, பின்னேரம்.

"லைற்றைப் போடுங்கோ! ஆராவது லைற்றைப் போடுங்கோ!"

ஷெறோனின் குரல் அது. குடும்ப நண்பர் ஆனந்தராஜா சுவரைத் தடவித் தடவிச் சுவிட்சைத் தட்டினார். வட்ட மேசையைச் சுற்றி நான்கு பேர். நடுவில் சிறிய சந்தனப் பெட்டி. அதன் மூடி திறந்து கிடந்தது. உள்ளே சிவப்புப் பட்டுத்துணி மட்டும் இருந்தது.

கொடியோடு சேர்த்துத் தாலியைக் காணவில்லை.

அறைக் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. யன்னல் பல வருடங்களுக்கு முன்பு வண்ணம் பூசும்போதே ஒட்டிப்போனது. கணப்படுப்பின் புகைக்கூட்டைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். வெளியே போக வழியே இல்லை.

டொலறஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அவர்தான் வந்தவர். அவருக்கு விருப்பமில்லை. எடுத்துக்கொண்டு போயிட்டார்."

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர்ச்வேயில், முருகன் கோயிலுக்கு ஏறும் குன்றின் பக்கத் தெருவில் உயர்ந்து நிற்கும் பழைய வீடு. விக்டோரியா மகாராணி காலத்தில் அந்த மாடியறையில் ஆவிகளோடு பேசும் கூட்டங்கள் நடந்தன. திரைகளை இழுத்துவிட்டு, கையோடு கை கோத்து, இருட்டில் உட்கார்ந்திருப்பார்களாம். மேசை தட்டும், மேசை ஆடும். நூற்றைம்பது வருடம் கழித்து அந்த வீட்டை வாங்கியவர் மன்னாரிலிருந்து வந்த யேசுரட்ணம். போன வருடம் அவர் காலமானார். மனைவி டொலறஸும், தாதியாக வேலை செய்யும் மகள் ஷெறோனும் மிஞ்சினார்கள். மேல் அறை ஒன்றில் முகுந்த் வாடகைக்கு இருந்தான். திருச்சிப் பையன், கணினி வேலை. மற்ற நேரமெல்லாம் நாவல் எழுதினான்.

நாவல் அந்த வீட்டைப் பற்றியதுதான். ஆக்னஸ் என்று ஒரு பெண். ஆவிகளைப் பேச வைப்பவள். குதிரைவண்டிக்காரனின் மகனைக் காதலிக்கிறாள். தகப்பன் சம்மதிக்க மாட்டான். ஒரு நாள் இருட்டில் செத்துப்போன தாயின் குரலைத் தானே பேசி, "கட்டிக்கொடுங்கள்" என்கிறாள். தகப்பன் நடுங்கிப்போய்த் தலையாட்டுகிறான்.

நாவலை எழுதினவனும் காதலில் விழுந்திருந்தான். ஷெறோன்மீது. அவன் சைவம், இந்தியா. அவள் கத்தோலிக்கம், மன்னார். டொலறஸ் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அப்பா இருந்தால் என்ன சொல்லுவாரோ, அதுதான் என்ர முடிவும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

யேசுரட்ணத்தின் தாயார் அணிந்த தாலி ஒன்று இருந்தது. இறக்கை விரித்த புறா பொறித்த தாலி, நீளமான கொடி. ஷெறோனின் கல்யாணத்துக்கு என்று அவர் எடுத்து வைத்திருந்தார். நவம்பர் இரண்டு, மரித்த ஆத்துமாக்களின் நாள். அந்தக் காலத்துக் கூட்டம் எப்படி இருக்கும் என்று நாவலுக்காக ஒரு தடவை நடத்திப் பார்க்க முகுந்த் ஆசைப்பட்டான். டொலறஸ் திட்டப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ, "நடத்துவம். தாலியை நடுவில வைக்கிறன். அவரிட்டையே கேப்பம்" என்றாள்.

கேட்ட விதம் இப்படி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு.

நகரின் தெற்கே, கோலியர்ஸ் வுட்டிலிருந்து நகுலேஸ்வரி வந்து சேர்ந்தாள். ஷெறோன் அழுதுகொண்டு தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். நகுலேஸ்வரி டொலறஸின் பழைய சிநேகிதி, நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர். மற்றவர்களின் பொய்யை ஒரு சொல் பிசகாமல் இன்னொரு மொழியில் திருப்பிச் சொல்லியே தலை நரைத்தவள். பொய் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வாசலிலேயே ஒரு பெட்டி. முகுந்தின் பயணப்பெட்டி.

"எங்க வெளிக்கிட்டாச்சு தம்பி?"

"வீடு மாறுறேன் ஆன்ட்டி. கள்ளன்னு சொன்ன வீட்டுல எப்படி இருக்கறது?"

உள்ளேயிருந்து ஆனந்தராஜாவின் குரல் வந்தது. யேசுரட்ணத்தின் உயிர்ச் சிநேகிதர் அவர். "ஆவி தங்கம் போடுறதில்லை, நகுலா! அந்த அறைக்குள்ள பிறத்தி ஆள் இவர் ஒருத்தர்தான். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள தாலி வராட்டில் பொலிசுக்கு அடிப்பன்."

"அண்ணை, முதல்ல எனக்கு ஒரு தேத்தண்ணி. பொலிஸ் பிறகு."

குசினி வாசலில் மடு மாதாவின் படம். அதன் கீழே தீர்த்தப் போத்தல். பிள்ளை ஒன்று தும்மினாலும் டொலறஸ் அந்தத் தீர்த்தத்தைத் தெளிப்பாள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் தெளிப்பாள். நகுலேஸ்வரி போத்தலைக் கையில் எடுத்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. மூடிமேல் மெல்லிய தூசி.

டொலறஸ் அடுப்படியில் நின்றாள். வீட்டில் ஹீற்றர் கொதித்தது. அவள் கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளிச் சால்வை.

"என்னடி, காய்ச்சலா?"

"சாடையான குளிர்" என்றாள் டொலறஸ். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது.

நகுலேஸ்வரி ஒவ்வொருவராக மாடியறைக்குக் கூப்பிட்டாள். முதலில் ஆனந்தராஜா.

"ஆர் ஆருக்குப் பக்கத்தில இருந்தீங்கள்?"

"டொலறஸ்தான் இருத்தினவ. அவவுக்கு வலப்பக்கம் இந்தத் தம்பி. அடுத்தது நான். எனக்கு அங்கால ஷெறோன். ஷெறோனுக்கு மற்றப் பக்கம் திருப்பி டொலறஸ். காதலரைப் பக்கத்தில பக்கத்தில விடேல்லை!" என்று சிரித்தார்.

"லைற்றை நூர்க்க முந்தி?"

"செபம் சொன்னவ. வலக்கையில செபமாலையைச் சுத்திக்கொண்டு சிலுவை போட்டவ. பிறகு எல்லாரும் கையைக் கோத்தம்."

"தாலி காணாமல் போனாப் பிறகு ஆரை, எதைத் தேடினீங்கள்?"

"என்ர பொக்கற்றை நானே கொட்டிக் காட்டினன். தம்பியின்ர பொக்கற், சப்பாத்து, கோட்டுக்குள்ள. பிள்ளையின்ர கைப்பை. மேசைக்குக் கீழ, காபெற்றுக்குக் கீழ. ஒண்டும் விடேல்லை."

அடுத்தது ஷெறோன். கண் வீங்கியிருந்தது.

"அன்ரி, முகுந்த் எடுக்கேல்லை. அப்பாதான் எண்டால்... அப்பா எனக்கு இப்பிடிச் செய்வாரா?"

"அழாத பிள்ளை. இருட்டில என்ன நடந்தது?"

"மேசை தட்டுப்பட்டது. பிறகு ஆடினது. எனக்குச் சரியான பயம். அம்மா என்ர கையை விடவே இல்லை. செபமாலை மணி குத்திக்கொண்டே இருந்தது, அதுதான் எனக்குத் தைரியம்."

"ஒருக்காலும் விடேல்லையா?"

"தொடக்கத்தில இருமினவ. லேஞ்சியால வாயைத் துடைச்சிட்டுத் திருப்பிக் கையைத் தந்தவ. மேசை தட்டினது அதுக்குப் பிறகுதான்."

கடைசியாக முகுந்த். விறைப்பாக உட்கார்ந்தான்.

"உங்கட பக்கம்? டொலறஸின்ர கை?"

"கெட்டியாப் பிடிச்சிருந்தாங்க. விரல் இடுக்குல ஏதோ மணி மணியா உறுத்திச்சு. சின்னதா ஒரு சிலுவைகூட."

"உங்கட நாவலில அந்த ஆக்னஸ் எப்பிடி மேசையைத் தட்டுறவள்? கை ரெண்டையும் மற்றவை பிடிச்சிருக்கேக்க?"

முகுந்தின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. எழுத்தாளன் அல்லவா. சொல்ல வாயெடுத்தான். நகுலேஸ்வரி கையை உயர்த்தினாள்.

"எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த வித்தையை வேற ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"யாருக்கும் இல்ல ஆன்ட்டி. அந்த அத்தியாயத்தை ஷெறோன்கூட இன்னும் படிக்கல, எப்பவும் ஷிப்ட். நான் பாட்டுக்குக் குசினியில உக்காந்து சத்தமாப் படிச்சுப் பார்ப்பேன், அவ்வளவுதான்."

"குசினியில ஆர் நிண்டது?"

"யாரும் இல்லையே... டொலறஸ் ஆன்ட்டி மீன் பொரிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றான்.

நகுலேஸ்வரி எழுந்தாள். "பெட்டியை வாசலிலயே விடுங்கோ தம்பி. இன்னும் ஒரு கூட்டம் இருக்கு."

என் செல்வங்களே, இங்கே கொஞ்சம் மூச்சு விடுங்கள். வேண்டியதெல்லாம் உங்கள் முன்னே கிடக்கிறது. பிடித்துவிட்டீர்களா? சரி, வாருங்கள்.

மங்கலான நண்பகல். திரைகளை இழுத்ததும் அறை கறுத்தது.

நகுலேஸ்வரி டொலறஸின் கதிரையில் அமர்ந்தாள். இடது பக்கம் ஷெறோன், வலது பக்கம் முகுந்த், எதிரே ஆனந்தராஜா. டொலறஸைச் சுவரோரக் கதிரையில் இருத்தினாள். "உன்ர செபமாலையை ஒருக்காத் தா" என்று வாங்கித் தன் வலக்கையில் சுற்றிக்கொண்டாள். வெறும் சந்தனப் பெட்டி நடுவில்.

"லைற்றை நூருங்கோ அண்ணை."

இருட்டு. கோத்த கைகள். நகுலேஸ்வரி இருமினாள், கைகளை விட்டாள், மறுபடி தந்தாள். கொஞ்சம் பொறுத்து மேசை தட்டுப்பட்டது. டக். டக். ஷெறோன் மூச்சை இழுத்தாள்.

"ஷெறோன், என்ர கை உன்னட்டை இருக்கா?"

"ஓம் அன்ரி. மணி குத்துது."

"முகுந்த்?"

"இருக்கு ஆன்ட்டி. எனக்கும் மணி..."

அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"லைற்."

வெளிச்சம் வந்தது. ஷெறோன் பிடித்திருந்தது நகுலேஸ்வரியின் வலது மணிக்கட்டை. முகுந்த் பிடித்திருந்தது அதே கையின் விரல்களை. இடது கையில் நகுலேஸ்வரி திறந்த பெட்டியை வைத்திருந்தாள்.

ஆனந்தராஜாவின் வாய் திறந்தபடியே நின்றது.

"செபமாலை ஒண்டு. சுத்தின கையும் ஒண்டு" என்றாள் நகுலேஸ்வரி. "வலக்கை எண்டு நீங்களே கண்டனீங்கள், அண்ணை. அந்த மணி வலப்பக்கத்தில இருந்த முகுந்துக்குக் குத்தினது சரி. இடப்பக்கத்தில இருந்த ஷெறோனுக்கு எப்பிடிக் குத்தும்? இருமி விட்டிட்டுத் திருப்பித் தரேக்க ரெண்டு பேருக்கும் ஒரே கையைக் குடுத்தாச்சு. மற்றக் கை சும்மா இருந்தது. தட்ட, ஆட்ட, பெட்டியைத் திறக்க."

ஷெறோன் மெல்லத் திரும்பினாள். "அம்மா?"

டொலறஸ் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு முதல் சந்தேகம் வந்தது மணியால இல்லை" என்று தொடர்ந்தாள் நகுலேஸ்வரி. "தீர்த்தத்தால. தும்மலுக்கே தெளிக்கிற பொம்பிளை இவள். பங்குச் சுவாமியார் அறிஞ்சால் ஏசுவார் எண்டு தெரிஞ்சும் கூட்டத்துக்கு ஓம் எண்டவள். ஆவி வந்து தாலியை எடுத்த அறைக்கு ஒரு துளி தெளிக்கேல்லை. ஏன்? ஆவி வரேல்லை எண்டு இவளுக்குத் தெரியும்."

"அப்ப தாலி?" என்றார் ஆனந்தராஜா. "அறை முழுக்கத் தேடினனே!"

"எல்லாத்தையும் தேடினீங்கள் அண்ணை. ஒருத்தியைத் தேடேல்லை. தாலியைப் பறிகுடுத்தவளை ஆர் தேடுவினம்? அதுவும் புருசனைப் புதைச்ச அண்டைக்கே தன்ர தாலியைக் கழட்டின ஒரு பொம்பிளையின்ர கழுத்தில, தாலி கிடக்குமெண்டு எந்தத் தமிழ்ச் சனம் நினைக்கும்? கொடி நீளம். ஒரு கையாலயே தலையால போடலாம்." அவள் குரல் இறங்கியது. "டொலறஸ், வேர்க்குது உனக்கு. சால்வையை எடு."

டொலறஸ் சால்வையை எடுத்தாள். சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து கொடியை வெளியே இழுத்தாள். புறா மின்னியது.

"முகத்துக்கு நேரை 'வேண்டாம்' எண்டு சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு, நகுலா" என்றாள். "ஓம் எண்டால், தகப்பன் இல்லாத வீடு, தாய் அவிட்டுவிட்டிட்டாள் எண்டு கோயிலில கதைப்பினம். வேண்டாம் எண்டால் பிள்ளை என்னை வெறுக்கும். அவர் சொன்னதா இருந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம்."

"என்னைக் கள்ளன்னு நினைப்பாங்கன்னு யோசிக்கலையா ஆன்ட்டி?" முகுந்த் கோபமாகத்தான் கேட்டான்.

"இல்லைத் தம்பி. ஆவி எண்டு எல்லாரும் நம்புவினம் எண்டு நினைச்சன். இந்த ஆனந்தராஜா அண்ணை பொக்கற்றைக் கிண்டத் தொடங்கினாப் பிறகு வாய் திறக்கப் பயந்திட்டன். அது பிழை. பெரிய பிழை. என்னை மன்னியுங்கோ."

பிறகு மகளைப் பார்த்தாள். "இரவு போட்டுக்கொண்டுதான் படுத்தனான். நெஞ்சில அந்தப் பாரம். உன்ர அப்பா கட்டின அண்டைக்கு இருந்த மாதிரி. அவரின்ர வீட்டிலையும் என்னை வேண்டாமெண்டுதான் சொன்னவை, பிள்ளை. அவர்தான் நிண்டு கட்டினவர். அவர் வாயால வேண்டாம் எண்டு நான் சொல்லிப்போட்டன்."

"உங்கட நாவலில மகள் செத்த தாயை வைச்சு ஓம் சொல்லுறாள்" என்றாள் நகுலேஸ்வரி, முகுந்திடம். "இஞ்ச தாய் செத்த தகப்பனை வைச்சு இல்லை எண்டிருக்கிறாள். செத்ததுகளை விடுங்கோ. உயிரோட இருக்கிறவ என்ன சொல்லுறா?"

டொலறஸ் எழுந்து கீழே போனாள். தீர்த்தப் போத்தலோடு திரும்பி வந்தாள். தூசியைத் துடைத்து மூடியைத் திறந்து, நான்கு மூலையிலும் தெளித்தாள். பிறகு முகுந்தின் முன்னால் வந்து நின்றாள்.

முகுந்த் பழக்கதோசத்தில் இடது கைமேல் வலது கையை வைத்து, குழித்து, குனிந்து நீட்டினான். கோயிலில் ஐயர் தரும் தீர்த்தத்தை வாங்கிக் குடிக்கிற மாதிரி.

ஷெறோன் களுக்கென்று சிரித்தாள். "ஐயோ முகுந்த், அது குடிக்கிறதில்லை! தலையில தெளிக்கிறது!"

டொலறஸுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு வந்தது. அவன் தலையில் தீர்த்தத்தைத் தெளித்தாள். குழித்த கை அப்படியே வெறுமையாக நீண்டிருந்தது. அவள் கழுத்திலிருந்த கொடியைத் தலைவழியே கழற்றி, அந்தக் கைக்குள் புறாவை வைத்தாள்.

"இதுவும் குடிக்கிறதுக்கில்லைத் தம்பி" என்றாள். "கட்டுறதுக்கு. நான்தான் சொல்லுறன்."

ஆனந்தராஜா வாசலுக்குப் போனார். முகுந்தின் பயணப்பெட்டியைத் தானே தூக்கி, படியேறி, அவன் அறையில் வைத்துவிட்டு வந்தார்.

அவ்வளவுதான் கதை, செல்வங்களே. உங்கள் வீட்டில் இறந்தவர்கள் நிம்மதியாக உறங்கட்டும். இருப்பவர்கள் தங்கள் மனதைத் தங்கள் வாயாலேயே சொல்லட்டும். வாசலில் எடுத்து வைத்த பெட்டிகளெல்லாம் திரும்ப உள்ளே வரட்டும். உங்கள் பிள்ளைகள் விரும்பி அழைத்துவரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து உங்கள் அடுப்பு எரியட்டும், உங்கள் சோற்றுப் பானை நிறைந்திருக்கட்டும்.