மாறாத நட்சத்திரம்

துணை நட்சத்திரம் மங்கியிருந்தது.

குன்றின் மேலிருந்த வானாய்வுக் கூடத்தில் ஆறு வருடமாக அவனுக்கு ஒரே வேலை: ஐந்து நாளுக்கொரு முறை பொங்கித் தணியும் ஒரு நட்சத்திரத்தின் ஒளியை, பக்கத்திலேயே என்றும் ஒரே அளவாய் எரியும் துணை நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவைப்பது. மாறுவது மாறலாம். துணை மாறக் கூடாது. கண்ணாடியைத் துடைத்தான், கூரைத் திறப்பின் வழியே மேகம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தான், எண்ணெயும் பழைய இரும்பும் மணக்கும் அந்த வட்ட அறையில் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரின் முனகல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி கண் வைத்தபோது துணை நட்சத்திரம் சுத்தமாக அணைந்துபோயிருந்தது.

மணி ஏழரைதான். அடிவாரத்து வீட்டிலிருந்து அக்கா ஃபோன் செய்தாள். அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

"ஆந்தை, சாப்பிட வர்றியா இல்லையா?"

"ஒரு நட்சத்திரத்தைக் காணோம்க்கா."

"பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு அந்த வேலை?" சிரித்தாள். "தேடி எடுத்துட்டு வா."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பேசும்போதே துணை நட்சத்திரம் திரும்பி வந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த ஒன்று மங்கத் தொடங்கியிருந்தது. பிறகு மூன்று சேர்ந்து. பிறகு ஒரு கைப்பிடி. எதுவோ அவற்றை மறைத்தபடி, அவசரமே இல்லாமல், நேர்க்கோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க இறங்கப் பெரிதாகிக்கொண்டும் வந்தது.

மேஜை விளக்கு எரியும் பக்கத்து அறைக்கு ஓடி ஜன்னலைத் திறந்தான்.

ஊரின் கடைசித் தெருவிளக்குகள் மங்கின. இவை திரும்பி வரவில்லை. அடுத்த தெரு. மருந்துக்கடை. பாலம். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

"அக்கா, கதவைச் சாத்து. ஃபோனை வெச்சுடாத."

"என்னடா ஆச்சு? இரு, இங்க கரண்ட் போயிடுச்சு போல." ஸ்விட்சைத் தட்டும் சத்தம். இரண்டு முறை. "இல்லையே, ஃபேன் ஓடுதே." நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். "பல்பு சுடுதுடா. எரிஞ்சிட்டுதான் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

பேச்சு நின்றது.

"அக்கா?"

ஃபேன் ஓடுவது கேட்டது. நாற்காலி விழவில்லை. அவள் இறங்கவும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

வண்டிச் சாவியைத் தேடினான். அதற்குள் குன்றேறும் பாதையின் விளக்குகள் போகத் தொடங்கிவிட்டன. பதினொன்று இருந்தன. ஏழு. மூன்று.

வாசல் விளக்கு.

மேஜை விளக்கு மங்கியது. கையிலிருந்த ஃபோனின் வெளிச்சமும் போயிற்று.

இருட்டு.

விளக்கு இருந்த இடத்துக்குக் கையை நீட்டினான். குறுக்கே எதுவும் தட்டுப்படவில்லை. விரல் பல்பைத் தொட்டது. சுட்டது. எரிந்துகொண்டுதான் இருந்தது.

கையை இழுத்து, மெதுவாகத் தன் கண்களுக்குக் கொண்டுபோனான்.

விரல்கள் முகம் வரை போகவில்லை. அதற்கு முன்னாலேயே எதையோ தொட்டன.