எரியல, எரியாது

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்த அந்தத் தம்பதி ஒரே சோபாவில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் நடுவில் இன்னோர் ஆள் தாராளமாக உட்காரலாம், அவ்வளவு இடம் விட்டிருந்தார்கள். மனைவி நர்ஸ், படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். நடந்ததையெல்லாம் நர்ஸ்தான் சொன்னார், கணவர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல்.

விஷயம் இதுதான். ஒரு மாதத்துக்கு முன்பு, பழைய கார்கள் விற்கும் ஷோரூம் ஒன்றில் கார் வாங்கினார்கள். எஞ்சினுக்கு மூன்று மாத உத்தரவாதம். இருபதாம் நாள், கணவர் ஓட்டிக்கொண்டு போகும்போது எஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றுவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்துப் போன ஷோரூம் முதலாளி, பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். ஆயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்த பிறகும் ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது. உங்கள் வீட்டுக்காரர் எரிந்ததைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை கார் இல்லையென்றால் நர்ஸின் நோயாளிகள் வேறொருவருக்குப் போய்விடுவார்கள். வேலையும் கூடவே போய்விடும்.

"இவர் கவனிச்சிருக்க மாட்டார்னுதான் நானும் நினைக்கிறேன்," என்றார் நர்ஸ். "அடுப்புல பாலை வச்சிட்டு ஜன்னல்ல மேகம் பாக்கிற ஆளு. பத்து நாளா இவர்கிட்ட பேசப் பிடிக்கல."

கேட்டுக்கொண்டிருந்தவர், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளை முப்பது வருஷம் சோதித்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படமாட்டார் என்பதால் தெருவே அவரை நிதானம் என்றுதான் கூப்பிட்டது. பக்கத்தில் அவருடைய மைத்துனர் நோட்டுப் புத்தகமும் கையுமாகத் தயாராக இருந்தார். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை அவருக்கு. அக்கா வீட்டுக்காரரைத் தேடி யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றுவிடுவார். அந்தக் கடையை நம்பி நகல் எடுக்கப் போகிறவர்கள் பாவம்.

நிதானம் கணவரைப் பார்த்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கணவர் குரலே எழும்பாமல் பேசினார். விளக்கு எரியவில்லை என்றுதான் தனக்கு ஞாபகம். ஆனால் எல்லாரும் சொல்லச் சொல்லத் தனக்கே சந்தேகமாக இருக்கிறது என்றார். ஷோரூம் மெக்கானிக் ஒருவர் மட்டும் ஆறுதலாகப் பேசினாராம்.

"விளக்கு எரியவே இல்லைங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். கயித்தக் கட்டிக்கிட்டே, 'அது எரியாது சார், விடுங்க'ன்னார்."

"எரியலைன்னாரா, எரியாதுன்னாரா?"

"எரியாதுன்னுதான் சொன்னார்."

மைத்துனர் அதை எழுதிக்கொண்டார், எதற்கென்று தெரியாமலே.

நிதானம் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கணவர் முன்னால் நகர்த்தினார். கார் வாங்கிய அன்று சாவியைத் திருப்பியதும், எஞ்சின் கிளம்புவதற்கு முன்னால், எதிரே என்னென்ன எரிந்தது என்று வரையச் சொன்னார். ஓவிய ஆசிரியரின் கை சட்டென்று உயிர் பெற்றது. பேட்டரி, கைப்பிரேக், சீட் பெல்ட் போட்ட மனிதன், எஞ்சின். நான்கும் அச்சு அசலாக வந்தன. வேறு ஒன்றும் எரியவில்லையா என்று நிதானம் கேட்க, அவர் கண்ணை மூடி யோசித்து, நான்குதான் என்றார்.

அப்போது மணி எட்டு. நிதானம் நர்ஸிடம், இப்போதே ஷோரூமுக்கு போன் போட்டு, பதினொரு மணிக்கு ஒருவர் ஆயில் விளக்கைச் சோதிக்க வருகிறார் என்று சொல்லச் சொன்னார். மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதை விட்டுவிட்டு இப்படித் தண்டோரா போடலாமா என்று முணுமுணுத்தார். நிதானம் காதிலேயே வாங்கவில்லை.

ஷோரூமின் பின்புறத் தகரக் கொட்டகையில் கார் நின்றிருந்தது. முதலாளி வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி சிரித்து வரவேற்றார். நடுத்தர வயது மெக்கானிக் ஒரு தூணோரம் நின்று, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டி வந்ததுல இருந்து யாராவது கை வச்சாங்களா?" என்று கேட்டார் நிதானம்.

"பத்து நாளா ஒரு ஆள் தொடல. கதவு பூட்டி, சாவி என் மேஜைக்குள்ள இருக்கு. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது பாருங்க."

பேட்டரிகூடக் கழற்றவில்லையா என்று நிதானம் மறுபடியும் கேட்டார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை என்றார் முதலாளி.

நிதானம் சாவியைத் திருப்பினார். எஞ்சின்தான் செத்திருந்தது, எதிரே விளக்குகள் எரிந்தன. பேட்டரி, கைப்பிரேக், பெல்ட், எஞ்சின். அவற்றுக்கு நடுவே எண்ணெய்க் குவளை வடிவத்தில் ஆயில் விளக்கும் ரத்தச் சிவப்பாக எரிந்தது.

முதலாளி அதை நோக்கிக் கையைக் காட்டினார். நர்ஸ் பத்து நாளில் முதல் தடவையாகக் கணவரை நேருக்கு நேர் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கணவர் தரையைப் பார்த்தார்.

"நான்தான் பாக்காம விட்டிருக்கேன்," என்றார். "தப்பு என்னுதுதான். வாங்க, போகலாம்."

மைத்துனருக்கு முகம் தொங்கிவிட்டது. நிதானம் மட்டும் இன்னும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்ஸிடம், இந்த வண்டிக் கடிகாரம் சரியாக ஓடுமா என்று கேட்டார்.

அதைப் பார்த்துத்தான் நோயாளிகளுக்கு ஊசியே போடுவேன், ஒரு நிமிஷம் பிசகாது என்றார் நர்ஸ்.

"இப்ப மணி பதினொன்னு அஞ்சு. இதுல ரெண்டு முப்பத்தஞ்சு காட்டுது."

"பழைய வண்டி, கடிகாரம் அப்படித்தான்," என்றார் முதலாளி.

"பேட்டரி வயரைக் கழட்டினா இந்தக் கடிகாரம் செத்துடும். திரும்ப மாட்டினதும் பன்னண்டுல இருந்து ஓட ஆரம்பிக்கும். ஓடி ரெண்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகுது. அதாவது இன்னிக்குக் காலைல எட்டரைக்கு யாரோ பேட்டரியைக் கழட்டி மாட்டியிருக்காங்க. எதிர்ல விளக்கெல்லாம் இருக்கிற தகட்டைப் பிரிக்கணும்னா முதல்ல அதைத்தான் கழட்டுவாங்க. எட்டு மணிக்கு இந்தம்மா போன் பண்ணினாங்க."

"சார்ஜ் போட்டிருப்பாங்க."

"பானட்டையே திறக்கலைன்னீங்களே."

முதலாளியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நிதானம் சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து நீட்டினார். சாவி திருப்பினால் நல்ல வண்டியில் ஐந்து விளக்கும் எரிய வேண்டும். ஓவிய ஆசிரியர் பார்த்ததோ நான்கு. மேகம் பார்க்கிற கண்ணுக்கு வடிவம் தப்பாது என்றார்.

மைத்துனருக்கு ஒரு சந்தேகம். ஆயில் விளக்கில் பல்பு இல்லாதபோதே சொல்லாமல் வந்து பார்த்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்குமே?

"இவங்க கைக்கு வந்தப்புறம்தான் பல்பு போச்சுன்னு முதலாளி சொல்லியிருப்பார். அதுக்குப் பதில் கிடையாது. அவராவே அவசரமா புதுசு மாட்டினாத்தான், அங்க பல்பு இல்லைங்கிறது அவருக்கு முன்னாடியே தெரியும்னு ஆகும். அதனாலதான் போன் பண்ணச் சொன்னேன்."

பிறகு தூணோரம் நின்றவரிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு தடவை நடக்காததை எரியலைம்போம். என்னிக்கும் நடக்காததை எரியாதும்போம். நீங்க அன்னிக்கு எரியாதுன்னீங்க. அது எரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் முதலாளியைப் பார்த்தார். பிறகு ஓவிய ஆசிரியரைப் பார்த்தார்.

"வண்டி இங்க வரும்போதே ஆயில் விளக்கு அணையாம எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. பல்பைக் கழட்டச் சொன்னாரு, கழட்டினேன். காலைல மாட்டச் சொன்னாரு, மாட்டினேன். சார் தலை குனிஞ்சு நிக்கிறதை இனி என்னால பாக்க முடியாது."

அதற்குப் பிறகு முதலாளி ரொம்ப நல்லவராகிவிட்டார். வேறு நல்ல எஞ்சின் மாற்றித் தருவதாகவும், அதுவரை திங்கட்கிழமையிலிருந்து ஓட்ட வேறு கார் தருவதாகவும் மளமளவென்று சொன்னார். நர்ஸ் அவரைப் பேச விட்டுவிட்டு, முடிந்ததும் நிதானமாகக் கேட்டார்.

"எஞ்சின் இருக்கட்டும். இவர் கவனிக்காம ஓட்டினார்னு எழுதினீங்களே, அது பொய்னு முதல்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

முதலாளி எழுதினார். நர்ஸ் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கணவரிடம் நீட்டினார்.

"முன்பின் தெரியாத ஆள் எழுதினதை உடனே நம்பினேன். நீங்க வாயால சொன்னதை நம்பலை. பத்து நாள் உங்களை என்ன பாடு படுத்திட்டேன். நான் பண்ணினது பெரிய தப்புங்க."

கணவர் காகிதத்தை வாங்கவில்லை.

"நானே என்னை நம்பலையே," என்றார். "அவர் சொன்ன பொய்யை நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன், தப்பு என்னுதுன்னு."

நர்ஸ் அந்தக் கொட்டகையிலேயே, எல்லாரும் பார்க்க, அவர் தோளில் சாய்ந்து அழுதார்.