தட்டாத கண்ணாடி

காலை எட்டரை மணிக்கு, தினமும் செய்வதுபோல, காற்றழுத்தமானியின் கண்ணாடியைத் தட்டுவதற்காக அங்ருப் விரலை நீட்டினார். விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் இருந்தது. அதற்குள் கண்ணாடியில் தானாகவே தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக். முள் நடுங்கி, நான்கு கோடு கீழே இறங்கி நின்றது.

நீட்டிய விரலை மடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குளிரில் பித்தளை சுருங்கும், பலகைச் சுவர் முனகும், அடுப்பின் புகைக்குழாய் உறுமும். இமயமலையின் லாஹௌல் பள்ளத்தாக்கில் இருபத்திரண்டு பனிக்காலம் வானிலை பார்த்தவருக்கு இந்தச் சத்தமெல்லாம் அத்துப்படி. ஆனால் நகத்தால் இரண்டே தட்டு, நடுவில் ஒரு மூச்சுவிடும் நேரம் என்றால் அது அவருடைய தட்டு. குளிரில் முள் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும் என்பதால், தட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இன்று அவர் தட்டவில்லை.

அறையில் விறகுப் புகையும் உப்புத் தேநீரும்தான் மணக்க வேண்டும். அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழுந்து வந்தது. உருகிய அரக்கு. தபால் பைக்கு முத்திரை வைக்கிற அரக்கு. கணவாயில் வண்டிப்பாதை மூடி மூன்று மாதமாகப் பள்ளத்தாக்குக்குத் தபாலே வரவில்லை.

முள் இறங்கினால் பனிப்புயல் வரும். அவர் வெளியே போய்க் கம்பத்தில் சிவப்புத் துணியை ஏற்றினார். கீழே ஊரில் எல்லோருடைய கண்ணும் அந்தக் கம்பத்தின் மேல்தான். பச்சை ஏறினால் நடப்பார்கள், சிவப்பு என்றால் யார் சொன்னாலும் கணவாய்க்குக் கால் வைக்க மாட்டார்கள். மேலே வானம் கழுவித் துடைத்த தட்டுபோல் கிடந்தது.

பகலில் மகள் டிக்கித்தின் கணவன் பல்ஜோர் முழங்கால் பனியில் ஏறி வந்தான். உட்காரவில்லை.

“மாமா, டிக்கித்துக்கு ரத்தம் படுது. குழந்தை குறுக்கே கிடக்குதாம். கணவாய் தாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலைன்னா ரெண்டு உயிரும் தங்காதுன்னு மருத்துவச்சி சொல்றா. தூக்கறதுக்கு நாலு பேர் தயாரா இருக்காங்க. வானம் இப்படி இருக்கறப்ப எதுக்குச் சிவப்பு?”

“முள்ளு இறங்கியிருக்குப்பா.”

“எவ்வளவு?”

“நாலு கோடு.”

பல்ஜோர் அவருடைய முகத்தையே பார்த்தான். மகளைப் பெற்றவர் பொய் சொல்வாரா என்று நினைத்தானோ என்னவோ, இறங்கிப் போனான்.

நாலு கோடு. போன வருடமும் அதே நாலு கோடுதான். ஹால்டா பண்டிகைக்கு மறுநாள் காலை. விடிய விடியத் தீப்பந்தமும் சாராயமுமாக இருந்துவிட்டு, தலை கனத்துப்போய் அவர் எழுந்தபோது, தபால்காரன் தோப்தன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பின்னால் இன்னும் மூன்று பேர்.

“என்னண்ணே, இன்னிக்குக் கண்ணாடியைத் தட்டலையா?”

“தட்டாமலே தெரியும்டா. போயிட்டு வா.”

“நேத்து ராத்திரி ஊத்தினது பேசுது,” என்று தோப்தன் சிரித்தான். “சரி, பச்சையைக் கட்டுங்க.”

அவர்கள் போய் அரை மணி கழித்துத்தான் தட்டினார். முள் விழுந்தது. நால்வரும் அப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தார்கள். துணியை மாற்றியிருக்கலாம். யாராவது ஒருவன் திரும்பிப் பார்த்திருப்பான். ஏற்றிய துணியை இறக்கினால் ஊர் சிரிக்குமே என்று சும்மா இருந்துவிட்டார். அப்படியும் பனி பெய்யாமல் போகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மதியம் பெய்தது. ஜூன் மாதம் பனி உருகியபோது இடதுபக்கப் பிளவுக்குள் மூன்று பேர் கிடைத்தார்கள். தோப்தனும் அவன் பையும் கிடைக்கவே இல்லை. பதிவேட்டில் அவர் “தட்டினேன், முள் அசையவில்லை” என்று எழுதி வைத்திருந்தார். வானம் ஏமாற்றிவிட்டது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஊரே அவருக்கு ஆறுதல் சொன்னது. அந்த ஆறுதல்தான் இன்றுவரை அவரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த முறை சிவப்பு ஏற்றிய அன்று பனி பெய்யவில்லை.

மறுநாளும் அவர் தொடுவதற்கு முன்பே டொக், டொக். நான்கு கோடு. மறுபடியும் சிவப்பு. கம்பியில்லாத் தந்தியில் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். “மேற்கே ஒரு மேகக் கூட்டம் இருக்கு. வரலாம், வராமலும் போகலாம். மேல இருக்கறவர் நீங்க, நீங்கதான் சொல்லணும்,” என்றார்கள். அன்றும் ஒரு பனித்துகள்கூட விழவில்லை. சாயங்காலம் தூக்குகிறவர்களில் ஒருவன் கீழேயிருந்து கத்தியது காற்றில் ஏறி வந்தது.

“வானத்தைப் பார்த்துத் துணி கட்டறீங்களா, பயத்தைப் பார்த்துக் கட்டறீங்களா?”

அரக்கு வாசனை கம்பளிக்குள் ஏறிவிட்டிருந்தது. தேநீரிலும் அதுதான்.

மூன்றாம் நாள் காலை பல்ஜோர் வந்து வாசலிலேயே நின்றான். கண் சிவந்திருந்தது.

“விடியறதுக்குள்ள ரெண்டு தடவை மயங்கிட்டா, மாமா. சிவப்பே கட்டினாலும் நான் தூக்கிட்டுப் போயிடுவேன். ஆனா மத்த நாலு பேர் பச்சை இல்லாம வரமாட்டாங்க.”

அங்ருப் அழுத்தமானியின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியின் உட்புறம் உறைபனி பூத்திருந்தது. இன்று யாரும் தட்டிவிடக் கூடாது என்று, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். மூச்சை அடக்கினார். அடுப்பு சடசடத்தது. எங்கோ ஒரு பலகை முனகியது.

டொக்.

உள்ளேயிருந்து.

டொக்.

கைகளை எடுத்தார். உட்புறப் பனியில் விரல்நுனி அளவுக்கு இரண்டு வட்டம் உருகியிருந்தது. முள் நான்கு கோடு கீழே.

தோப்தன் பழி வாங்குகிறான், அவ்வளவுதான். என் மகளைத் தடுத்துக் கொல்லப் பார்க்கிறான். அவருக்கு அப்படித்தான் பட்டது. இரண்டு நாளாக முள் சொன்னது பொய், வானம் சொன்னதுதான் மெய். அவர் பச்சைத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

டிக்கித்தைக் கம்பளியில் சுற்றி, கட்டில் சட்டத்தில் கட்டி, தோளில் ஏற்றினார்கள். வானிலை நிலையத்தைக் கடக்கும்போது அவள் கண் திறந்தாள்.

“அப்பா, நல்லாத் தட்டிப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்மா. போயிட்டு வா.”

சொன்ன பிறகுதான், தோப்தனிடமும் இதே வார்த்தையைச் சொன்னது அவருக்கு உறைத்தது.

காற்றே இல்லை. சின்ன மேகம்கூட இல்லை. அவர் கணித்தது சரி. இந்தப் பனிக்காலத்திலேயே இவ்வளவு நல்ல நாள் வந்ததில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தொலைநோக்கியை எடுத்துச் சரிவைப் பார்த்தார். வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள். நடுவில் கட்டில். சுமப்பவர்கள் நான்கு. பல்ஜோர் ஐந்து.

முன்னால் ஆறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். ஆறாவது ஆள் முதலில் நடந்தான். தோளில் பை. பாதை காட்ட நட்ட கம்புகள் வலப்பக்கம் ஏறின. அவன் இடப்பக்கம் திரும்பினான். பிளவை நோக்கி. சுமப்பவர்கள் தலை குனிந்தபடி அவனுடைய காலடியிலேயே கால் வைத்து நடந்தார்கள்.

கத்தினார். குரல் பாதிகூடப் போகவில்லை. பச்சையை அறுத்து எறிந்தார். சிவப்பை ஏற்றினார். கயிறு உள்ளங்கையைக் கிழித்தது. திரும்பிப் பாருங்கள். யாராவது ஒருத்தர். ஒரே ஒரு தடவை.

தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார்.

சுமையைத் தூக்கியவர்கள் யாரும் திரும்பவில்லை. பல்ஜோரும் திரும்பவில்லை.

முன்னால் போனவன் நின்றான். திரும்பினான். சிவப்புத் துணியை நன்றாகப் பார்த்தான். பிறகு ஒற்றை விரலை உயர்த்தி, காற்றில் இரண்டு முறை தட்டினான்.

அங்ருப்பின் கண்ணுக்கு முன்னால், தொலைநோக்கியின் கண்ணாடியில்.

டொக்.

டொக்.