ஆறாம் எண் தகடு

பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் தோல் பதனிடும் டேனரியில், கடிகார மாடத்துக்கு ஏறும் படிக்கட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு ஈரமாக இருந்தது. ஆம்பளைச் செருப்பு. வாரில் சுண்ணாம்பு அப்பியிருந்தது, அழுகிய தோலின் வாடை குப்பென்று வந்தது. நேற்று இது இங்கே இல்லை. வாட்ச்மேன் நயீம் அகமதுவுடையதோ என்று பார்த்தால், கேட்டருகே நின்ற அவர் காலில் ஷூ.

"செருப்ப வாசல்லயே வுட்டுட்டுப் போம்மா," என்று அவர் அங்கிருந்தே சொன்னார். "ஜும்மா தொழுகை முடிச்சிட்டு ரெண்டு மணிக்கு வர்றேன். நாய் பூந்து ஒரே பேஜாரு, கதவ தாழ் போடணும். செருப்பு இருந்தா போட மாட்டேன்."

மேகலாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அப்பா ஆம்பூரில் தோல் ஊறும் டிரம்களுக்குள் இறங்கிக் கழுவியவர். உள்ளே இறங்குகிறவன் செருப்பை வெளியே விடுவான். அது இருக்கும்வரை யாரும் மூடமாட்டார்கள், மெஷினை ஓட்டமாட்டார்கள், அடுத்தவன் செருப்பைத் தொடவும் மாட்டார்கள். எல்லாம் தெரிந்தும், நாற்றம் தாங்காமல், அந்த ஜோடியைக் காலால் தள்ளிப் புதருக்குள் விட்டாள். அந்த இடத்தில் தன் நீலச் செருப்பைக் கழற்றி வைத்தாள். அதில் பெரிய மஞ்சள் பூ உண்டு. யூகேஜி படிக்கும் மகள் நித்யஸ்ரீ ஸ்கூல் கேட்டுக்கு அடியில் குனிந்து பார்த்து, அந்தப் பூ தெரிந்தால்தான் அம்மா என்று ஓடிவருவாள். மூன்று மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

மேலே அந்தக் கடிகாரத்தின் முகத்தை வெயிலும் மழையும் தின்றிருந்தன. எண்ணுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு இரும்புத் தகடுகள், ஓட்டைகளை மூடி உள்ளிருந்து போல்ட் முடுக்கியவை. டேனரி கல்யாண மண்டபமாகப் போகிறது. அதற்காகத்தான் இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தகடுகளைக் கழற்றித் துரு சுரண்டி நேற்றே எண்களை எழுதிக் காயவைத்துவிட்டாள். இன்று மாட்டுவதுதான் பாக்கி. ஒவ்வொரு தகடும் ஏறியபோது மாடத்துக்குள் வெளிச்சம் ஒரு துண்டு குறைந்தது. எட்டாவதை முடுக்கும்போது பெயின்ட் வாசனைக்கு அடியில் சுண்ணாம்பு வாடை கிளம்பியது. பத்தாவதில் ஸ்பேனரைத் தேட வேண்டியிருந்தது. பக்கத்து டேனரியில் ஜும்மா முடிந்து டிரம்கள் உருள ஆரம்பித்தன, தரை லேசாக அதிர்ந்தது.

பதினொன்றாவதை மாட்டியபோது படிக்கட்டில் ஈரக்கால் சத்தம் கேட்டது. சதக். கொஞ்ச நேரம் கழித்து, சதக். ஸ்பேனரை நிறுத்திக் கேட்டாள். சத்தம் நெருங்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் இவ்வளவு நேரமும் அது மேலே, அவளோடு இருந்திருக்கிறது.

மிச்சமிருந்தது ஆறாம் எண்ணின் ஓட்டை மட்டும். ஒரு கை போகும் அளவு. முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

கீழே முற்றத்தில் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். அதே பச்சைச் சுடிதார். அதே பின்னல். தோள்பட்டையில் காலையில் மேகலா சிந்திக்கொண்ட அதே பெயின்ட் கறை. காலில் நீலச் செருப்பு. நடந்த இடமெல்லாம் வெள்ளையாக ஈரம்.

நயீம் பாய் எதிரே வந்தார். "வேல முடிஞ்சிச்சாம்மா?"

அது தலையை ஆட்டியது.

"அண்ணா! நான் மேல இருக்கேன்!" மேகலா கத்தினாள். அதே நொடி பக்கத்து டேனரியில் இன்னொரு டிரம் உருள ஆரம்பித்து, அந்தச் சத்தம் அதை விழுங்கியது. ஓட்டைக்குள் கையை விட்டு ஆட்டினாள். அவர் நிமிரவில்லை. வாசற்படியைப் பார்த்தார். செருப்பு இல்லை. தாழ் போட்டார், பூட்டையும் மாட்டினார்.

போன் கீழே ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. கேட்டைத் தாண்டிய அந்த உருவம் ஒரு நொடி நின்று, ஸ்கூல் பக்கம் திரும்பியது.

"நித்யா," என்றாள்.

கதவை உடைக்கலாம் என்று திரும்பினாள். மாடத்தின் தரையில், அவள் கால்மாட்டில், புதருக்குள் தள்ளிய அந்தச் செருப்புகள் இருந்தன. சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டியது. ஈரத்தில் தோல் சுருங்கி, சரியாக அவள் கால் அளவுக்கு வந்திருந்தது.